மீதி வைத்த வாள்

1957 ஆகஸ்ட் 11ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை மாலை, அப்புத்தளைக்கு அப்பாலுள்ள நரிக்கல்லுத் தோட்டத்துத் துரைமார் கிளப்பில் வாள் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது, அந்தத் தோட்டத்து உதவி மேலாளரான சின்னதுரை சிவசுப்பிரமணியம் வலது அக்குளில் குத்துப்பட்டு இறந்தார். எதிரே நின்றவர் தோட்டத்து மேலாளரான வெள்ளைக்காரப் பெரியதுரை மெல்லர். அவர் கையிலிருந்த வாள் நடுவில் ஒடிந்திருந்தது. கிளப்பில் வாள்களைத் துடைத்து வைக்கும் மாரிசாமி என்ற தொழிலாளியைப் பொலிஸார் அன்றைக்கே நாகமலைச் சந்திக் காவல் நிலையத்தில் அடைத்தார்கள்.

புதன்கிழமை காலை அந்த நிலையத்தின் பின்னறையில், பதுளையிலிருந்து வந்த தனியார் துப்பறிவாளர் பரமலிங்கம், மேசைமேல் விரித்திருந்த வெள்ளைச் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாள் பழகும்போது துரைமார் போடுகிற தடித்த துணிச் சட்டை. அவருடைய உதவியாளன் லத்தீப் சட்டையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பசறை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். சண்டை, வாந்தி, பிள்ளைப்பேறு எல்லாவற்றையும் ஓடுகிற பஸ்ஸுக்குள் பார்த்தவன்தான். ஆனாலும் காய்ந்த இரத்தம் அவனுக்கு ஆகாது.

"இதில் துப்பறிய ஒன்றுமில்லை மிஸ்டர் பரமலிங்கம்" என்றார் இன்ஸ்பெக்டர். "துரை அவனை அடிக்கடி அடித்திருக்கிறார். அவன் மனதில் வைத்திருந்து, பழுதான வாளைத் துரைக்கு எடுத்து வைத்தான். துரையைக் கொல்லப் பார்த்தான், பாவம், மற்றவர் போய்விட்டார். நாளைக்கு மஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துகிறேன். கொலைக் கேஸ்."

லத்தீப் ஜன்னலிலிருந்து திரும்பாமலே கேட்டான். "அப்ப பிரேக் இல்லாத பஸ்ஸுல, டிரைவர் மட்டுந்தான் சாவாரா சேர்?"

இன்ஸ்பெக்டர் அவனை முறைத்தார். பரமலிங்கம் மட்டும் மெல்ல நிமிர்ந்தார்.

"இன்னொருக்காச் சொல்லும் ஐசே."

"நான் சும்மா செல்லினேன் சேர். பிரேக் இல்லாத பஸ்ஸுக்கு முன்னுக்கு நிக்கிறவன்தானே முதல்ல போவான்."

பரமலிங்கம் மறுபடி சட்டைமேல் குனிந்தார். அக்குளில் கிழிசலும் கறையும். மார்பின் இடது பக்கம், கிழிசலிலிருந்து ஒரு சாணுக்கு மேல் தள்ளி, சின்னதாய் ஒரு நீலப் புள்ளி.

"இது என்ன?"

"டோபியின் வேலை. நீலத்தைச் சரியாக அலசவில்லை" என்றார் இன்ஸ்பெக்டர்.

மாரிசாமியைப் பார்க்க அனுமதி கிடைத்தது. நாற்பது வயது மதிக்கலாம். கம்பிக்குப் பின்னால் குந்தியிருந்தவன் எழுந்து நின்று துண்டை இடுப்பில் கட்டினான். திறந்த மார்பிலும் வயிற்றிலும் காசு காசாகத் தழும்புகள், சில பழுப்பு, சில இன்னும் ஊதா.

"என்ன இது, அம்மையா?" என்றான் லத்தீப்.

"தொரை பழகுறதுக்கு நான் நிப்பேங்க. அவரு குத்துவாரு."

"உமக்குச் சட்டை?" என்று கேட்டார் பரமலிங்கம்.

"மூஞ்சிக்கு மட்டும் கம்பிக்கூடு குடுப்பாருங்க. கண்ணு போனா கேள்வி வருமாம். வாளு நுனி கூரா இருக்காதுங்க, குமிழு இருக்கும். குமிழுல துணியச் சுத்தி, சலவைக்குப் போடுற நீலத்தத் தொட்டு வெப்பேன். எங்க பட்டுச்சுன்னு தெரியணுமில்லீங்களா?"

"அதுக்குச் சம்பளம்?" லத்தீப் கேட்டான்.

"மலைக்குப் போகாததால அரைப் பேருதாங்க போடுவாங்க, அரை நாள் கூலி."

 

"ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது? நீர் கண்டதை மட்டும் சொல்லும்" என்றார் பரமலிங்கம்.

"எப்பயும் ஆறேழு வாளு மாட்டியிருக்குங்க. அன்னிக்கு தொரையே ரெண்ட மட்டும் மேசையில வெச்சாரு, நான் நீலம் தொட்டு வெச்சேன். கிளப்புல வயசுல எளையவருதான் மொதல்ல எடுக்கணும். சின்னதொரை ரெண்டையும் செவுத்துல வெச்சு வளைச்சுப் பாத்தாரு. ஒண்ண எடுத்துக்கிட்டு, மத்ததக் காட்டி இங்கிலீசுல என்னமோ சொன்னாரு. தொரை சிரிச்சாரு. அப்புறம் என்னையச் சோடா எடுத்தாரச் சொல்லி அனுப்பிட்டாரு. வந்து பாக்குறேன், சின்னதொரை தரையில கெடக்காரு."

வெளியே மதிலோரம் அவன் மனைவி கருப்பம்மா நின்றாள். இவர்களைப் பதுளைக்கு வந்து கூட்டிக்கொண்டு வந்தவள் அவள்தான். அழவில்லை.

"ஐயா, கங்காணி வந்து நாங்க குடியிருக்கிற லயத்துக் காம்பிராவக் காலி பண்ணச் சொல்லிட்டாருங்க. அவரு வெளிய வந்தாலும் எங்கிட்டு வருவாரு? மொதல்ல அவரு கழுத்தக் காப்பாத்திக் குடுங்க. மத்தத நான் பாத்துக்குறேன்."

கார் மலையேறியது. ஊவா மலைகளில் அந்த மாதம் மழை கிடையாது. காற்று மட்டும் தேயிலைமேல் சவுக்கடிபோல விழுந்துகொண்டிருந்தது.

"இன்ஸ்பெக்டருக்கிட்ட அந்தப் புள்ளி என்னண்டு செல்லிட்டு வந்திருக்கலாமே சேர்?"

"சொன்னால் அவர் கேப்பாரோ? வாள் விளையாட்டு எப்பிடி எண்டு எனக்கே முழுக்கத் தெரியாது. அதை அந்தாளின்ர வாயாலை எடுக்கவேணும். பிறகு, முகத்துக்கு நேரை சொல்லவேணும்."

"அது எனக்குத் தெரியும். குற்றவாளிக்கு எல்லாத்தையும் விளக்கிச் செல்லாட்டி சேருக்குச் சோறு இறங்காது."

பரமலிங்கம் சிரித்தார். அவருக்கு அது பாராட்டாகப் பட்டது.

மெல்லர் துரைக்கு அந்த வருடக் கடைசியோடு உத்தியோகம் முடிகிறது. இனி உள்ளூர்க்காரரைத்தான் பெரியதுரையாக்குவது என்று கொழும்பில் தோட்டத்தை நடத்தும் கம்பெனி தீர்மானித்திருந்தது. அந்த உள்ளூர்க்காரர் சிவசுப்பிரமணியம். இது தொழிற்சாலைக் காவல்காரன்வரை எல்லோருக்கும் தெரியும். கப்பலேறப் போகிற துரைமார் வழக்கப்படி, மெல்லரும் கட்டில், அலமாரி, கிராமபோன் என்று எல்லாம் விற்பனைக்கு என்று கடைவீதியில் சொல்லியனுப்பியிருந்தார். பரமலிங்கத்துக்கு அது போதுமாக இருந்தது. கொழும்பில் படிக்கிற மருமகனுக்கு ஒரு வாள் வேண்டும் என்று பங்களா வாசலில் நின்ற வேலைக்காரன் அப்புவிடம் சொல்லியனுப்பினார்.

வேலிக்குள் இரண்டு நாய்கள் லத்தீப்பைப் பார்த்துக் குரைத்தன. பரமலிங்கத்தைப் பார்த்துக் குரைக்கவில்லை.

"கோட்டு போட்டவங்கள விட்டுடுமாம்" என்றான் அப்பு. "லயத்து ஆளுங்கன்னா கடிச்சிரும். அப்படித்தான் பழக்கியிருக்காரு."

விறாந்தைக்கு முன்னால் டாலியாப் பூக்கள். ஒவ்வொரு செடிக்கும் ஊன்றுகோலாக மெல்லிய இரும்புக் கம்பி. கிட்டப் போனபோதுதான் அவை கம்பியல்ல, பிடி கழற்றிய பழைய வாள்கள் என்று லத்தீப்புக்குத் தெரிந்தது. ஒரு செடிக்கு மட்டும் ஊன்றுகோல் இல்லை. பூவோடு மண்ணில் விழுந்து கிடந்தது. அதற்கப்பால், கல்லெறி தூரத்தில், தொழிற்சாலையின் தகரக் கூரை.

மெல்லர் நெடிய மனிதர். இறந்தவர்மேல் மண் விழுந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை, அவர் முகத்தில் அதன் அடையாளமே கிடையாது. வேலைக்காரர்களிடம் அவர் பேசுகிற தமிழில் வா, போ, எடு, நில் என்ற நாலு சொல்தான் இருந்தது. பரமலிங்கத்திடம் ஆங்கிலத்தில் உற்சாகமாகப் பேசினார். வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்களுக்கு டிக்கெட் கிழித்துப் பழகிய லத்தீப்புக்கு அது விளங்கியது.

"பையனுக்குப் பழகுவதற்கா, போட்டிக்கா?"

"இரண்டுக்கும் ஒன்று போதாதா?"

"போதவே போதாது." மெல்லர் சுவரிலிருந்து ஒன்றை எடுத்தார். துரைமார் 'பொயில்' என்று சொல்கிற, ஈர்க்குபோல மெலிந்த, வெட்டாமல் குத்த மட்டும் பயன்படுகிற வாள். "பழகுவதற்குக் கொஞ்சம் கனமாக, முரடாக இருக்கலாம். மணிக்கட்டு தேறும். உடைந்தால் மனம் வருந்தாத விலையில் வாங்குங்கள். போட்டிக்கு அப்படியல்ல. இலேசாக இருக்க வேண்டும், நுனி நினைத்த இடத்துக்குப் போக வேண்டும். சீமையில் இப்போது மின்சார வாள் வந்துவிட்டது, பட்டால் விளக்கு எரிகிறது. நுனி பாரம், எனக்குப் பிடிக்கவில்லை. பிடியையும் பாருங்கள். முதலில் இந்த நேர்ப்பிடிதான். விரல்கள் படித்த பிறகு வேறு பிடிக்குப் போகலாம்."

"நல்ல அலகு எது, கெட்டது எது என்று எப்படித் தெரியும்?"

மெல்லர் நுனியைச் சுவரில் ஊன்றி அழுத்தினார். வாள் வில்லாக வளைந்தது. "பார்த்தீர்களா? வளைவு நுனிப்பக்கம், ஒரே சீராக வர வேண்டும். ஓரிடத்தில் முழங்கைபோல மடிந்தால் அந்த அலகு செத்தது. பிறகு அது டாலியாவுக்குத்தான்."

"ஒவ்வொரு முறையும் இப்படிப் பார்ப்பீர்களா?"

"அரசி பரிசாகக் கொடுத்தாலும் வளைத்துப் பார்க்காமல் நான் இறங்க மாட்டேன்."

"அலகைப் பிடியோடு பூட்டுவது யார்? இங்குள்ள ஆட்களா?"

"ஆட்களா?" மெல்லர் சிரித்து, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ஸ்பானரை எடுத்துக் காட்டினார். "கூலிகள் துடைக்கலாம். திருகாணியைத் தொட விட மாட்டேன். இருபது வருடமாக ஒவ்வொரு அலகையும் நானேதான் பூட்டுகிறேன்."

தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த அப்பு அதைக் கேட்டுத் தலையாட்டினான். இங்கிலீஷ் அவனுக்கும் தெரியும்.

"இன்னும் ஒன்று" என்றார் பரமலிங்கம். "பட்டதா இல்லையா என்று யார் சொல்வது?"

"பட்டவன்தான் சொல்ல வேண்டும். அதுதான் இந்த விளையாட்டின் மரியாதை." மெல்லர் லத்தீப்பின் பக்கம் திரும்பினார். தமிழ் வந்தது. "நில்!"

லத்தீப் நின்றான். நிற்க வேண்டுமென்று அவன் நினைக்கவில்லை, கால் நின்றுவிட்டது. துரையின் முழங்கால் மடிந்ததையும் கை நீண்டதையும் அவன் காணவில்லை. இடது மார்பில் சுத்தியலால் தட்டியதுபோல ஒன்று விழுந்து, வாள் வளைந்து, மறுபடி நேரானது. மூச்சு வரவில்லை.

"இப்போது அவன் கையை உயர்த்த வேண்டும். பட்டது, ஒப்புக்கொள்கிறேன் என்று. உடனே ஆட்டம் நிற்கும்."

"உயர்த்தும் லத்தீப்" என்றார் பரமலிங்கம். "வாள் பிடிக்கிற கையை. நல்லா உயர்த்தும்."

"சேர், பஸ்ஸ நிப்பாட்டத்தான் நான் இப்பிடிக் கை தூக்கியிருக்கேன்" என்று முனகியபடி லத்தீப் வலது கையைத் தூக்கினான்.

"அப்பிடியே நில்லும்."

பரமலிங்கம் அவன் அருகே வந்தார். ஒரு விரலை அவன் இடது மார்பில் வைத்தார். மற்றக் கையின் விரலை, திறந்து கிடந்த வலது அக்குளில் வைத்தார்.

"மிஸ்டர் மெல்லர், குத்தும்போது வாள் ஒடிந்து, அப்படியே உள்ளே இறங்கிவிட்டது, ஒரே குத்து என்று பொலிஸில் சொல்லியிருக்கிறீர்கள். சிவசுப்பிரமணியத்தின் சட்டையில் இங்கே நீலப் புள்ளி. உங்கள் வாளின் குமிழில் தொட்டு வைத்த நீலம். இங்கே காயம். வாள் ஒடிந்தது முதல் குத்தில். அவர் மரியாதைக்காரர். பட்டதென்று கையை உயர்த்தினார். சண்டையில் மூடியிருக்கிற அக்குள் அப்போதுதான் திறக்கிறது. குமிழ் போன வாளால் நீங்கள் இரண்டாம் முறை குத்தினீர்கள்."

மெல்லர் வாளைத் தாழ்த்தவில்லை. அதன் நுனி லத்தீப்பிலிருந்து ஒரு முழத் தூரத்தில் அசையாமல் நின்றது. லத்தீப்புக்குக் கையை இறக்கவேண்டும் போலிருந்தது. இறக்கினால் என்ன ஆகும் என்று தெரியவில்லை.

"வாளைத் தேர்ந்தெடுத்தது அவன். மீதியைத்தான் நான் எடுத்தேன்."

"அதுதான் இதில் கெட்டித்தனம்" என்றார் பரமலிங்கம். அவர் குரலில் இப்போது ஒரு மினுக்கு ஏறியிருந்தது. "உடைகிற வாள் பிடித்தவனைக் கொல்லாது, எதிரே நிற்பவனைத்தான் கொல்லும். இன்ஸ்பெக்டருக்கு அது தெரியாது. மாரிசாமிக்கு நன்றாகத் தெரியும், வாளுக்கு முன்னால் நின்றவன் அவன்தான். உங்கள் வாளைப் பழுதாக்கி உங்களைக் கொல்ல அவன் நினைத்திருக்கவே மாட்டான். நல்ல வாளையும் செத்த வாளையும் சேர்த்து வைத்தால், தெரிந்தவன் எதை எடுப்பான்? வளைத்துப் பார்த்து நல்லதைத்தான் எடுப்பான். செத்தது தானாக உங்கள் கைக்கு வரும். அவர் உங்களை எச்சரிக்கவும் செய்தார். நீங்கள் சிரித்தீர்கள். அவர் ஒன்றும் தெரியாத மடையனாக இருந்திருந்தால் தப்பியிருக்கலாம். சரியான வாளைத் தேர்ந்தெடுத்ததால் செத்தார்."

காற்று விறாந்தைத் தட்டியை அடித்தது. பரமலிங்கம் தோட்டத்தைக் காட்டினார். "அந்தச் செத்த வாள் அந்த டாலியாவின் ஊன்றுகோல். அதைப் பிடுங்கியது யார்? லயத்து ஆளைக் கண்டால் கடிக்கிற நாய்கள் மாரிசாமியை இங்கே விட்டிருக்குமா? பூட்டியது யார் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்."

 மெல்லர் வாளைச் சுவரில் மாட்டினார்.

"நான் வெட்டிய பாதை, நான் வைத்த கன்று. அதிலே அவன் பெரியதுரையாக வந்து குதிரை ஓட்டுவானாம்." அவ்வளவுதான் சொன்னார். பிறகு, விருந்தாளியிடம் கேட்பதுபோலக் கேட்டார். "அந்தச் சட்டை இப்போது எங்கே?"

"நாகமலைச் சந்தி நிலையத்தில். பத்திரமாக இருக்கிறது."

"அப்படியா? தேநீர் குடிக்காமல் போகக்கூடாது. இது நரிக்கல்லின் முதல்தரம், வெளியே கிடைக்காது. ஒரு நிமிஷம், தொழிற்சாலைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறேன்."

உள்ளே கிர்ர் என்று டெலிபோன் கைப்பிடி சுற்றுகிற சத்தம் கேட்டது. லத்தீப் கையை இறக்கி, மார்பைத் தடவிக்கொண்டான். பொத்தான் அளவில் தோல் கன்றியிருந்தது.

மெல்லர் திரும்பி வந்து அவசரப்படாமல் தேநீர் ஊற்றினார். சீனி எத்தனை கரண்டி என்று கேட்டார். பால் ஆறிவிட்டது என்று அப்புவை ஏசி வேறு பால் கொண்டுவரச் சொன்னார். பரமலிங்கமும் உட்கார்ந்து குடித்தார். வெற்றி பெற்றவர் அவசரப்படுவது அழகில்லை என்று அவர் நினைத்திருக்கலாம்.

நிலையத்துக்குத் திரும்பும் வழியில், பண்டாரவளையைத் தாண்டிய பிறகுதான் லத்தீப் பேசினான்.

"சேர், தொழிற்சாலை பங்களாவுக்கு முன்னுக்குத்தானே ஈக்கிது? சத்தம் போட்டா ஓடி வருவாங்களே. அதுக்கு எதுக்கு டெலிபோன்?"

 பரமலிங்கம் காரின் வேகத்தைக் கூட்டினார். இரண்டு வளைவில் லத்தீப் கதவைப் பிடித்துக்கொண்டு கலிமா சொன்னான்.

நிலையத்தின் பின்புறக் கொடியில் அந்தச் சட்டை தலைகீழாகத் தொங்கியது. நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அக்குளில் மங்கலாக ஒரு பழுப்பு. மார்பு முழுக்கப் பால் வெள்ளை. டோபி இந்த முறை நீலத்தை நன்றாக அலசியிருந்தான்.

"நாற்றம் தாங்கவில்லை" என்றார் இன்ஸ்பெக்டர், மேசையைப் பார்த்தபடி. "சாட்சிப் பொருளென்றாலும் சுத்தம் வேண்டாமா?"

"காலையிலை நாங்கள் ரெண்டு பேரும் அந்தப் புள்ளியைப் பாத்தம்" என்றார் பரமலிங்கம்.

"எந்தப் புள்ளி?"

லத்தீப் தன் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினான். "வேணுமெண்டா இதப் பாருங்க சேர். இது துவைச்சாப் போகாது." யாரும் பார்க்கவில்லை. பரமலிங்கம் மட்டும் அவனைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி இன்ஸ்பெக்டரோடு பேசத் தொடங்கினார். வாளைப் பூட்டியது தானே என்று துரை வாய்விட்டுச் சொன்னதை நாங்கள் இரண்டு பேரும் அப்புவும் கேட்டோம், மாரிசாமியை நாளைக்கு மஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினால் பூட்டியது யார் என்ற கேள்வியைத்தான் எல்லோருக்கும் முன்னால் முதலில் கேட்பேன், அவனை விட்டுவிட்டால் கேட்கமாட்டேன் என்றார். இன்ஸ்பெக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, துரையின் பங்களாவைக் கூப்பிட டெலிபோனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அந்த வாரக் கடைசியில் மரண விசாரணை நடந்தது. அலகைப் பூட்டியது தானே என்றும், அது பழையதென்று கவனிக்கத் தவறிவிட்டதாகவும் மெல்லர் சாட்சியம் சொன்னார். விபத்தால் நேர்ந்த மரணம் என்று தீர்ப்பாயிற்று. மாரிசாமி அன்று மத்தியானம் விடுதலையானான். மறுநாள் தோட்டத்து வேலைப் பதிவேட்டிலிருந்து அவன் பெயரும் கருப்பம்மாவின் பெயரும் வெட்டப்பட்டன, காம்பிரா வேறொரு குடும்பத்துக்குப் போயிற்று. செப்டெம்பரில் அவர்கள் இருவரும் தலைமன்னார் வழியாக இராமநாதபுரம் போனார்கள். மெல்லர் அதே மாதம் கொழும்பில் கப்பலேறினார். பங்களாச் சாமான்கள் விலைபோயின. வாள்களை யாரும் கேட்கவில்லை.